முக்கால் ஆள்: வேளாண் பொருளியலைப் படப்பையிலிருந்து வாசித்தல்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, படப்பையில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கையில் படிவக் கட்டுடன் ஓர் இளைஞர் வந்தார். குடும்ப விவரம் எடுக்க வேண்டும் என்றார். பெரியப்பாவின் பெயர், வயது, படிப்பு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினார். பிறகு பெரியம்மா பக்கம் திரும்பி, "நீங்க என்ன வேலை செய்றீங்கம்மா?" என்று கேட்டார். மாட்டுக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்த பெரியம்மா கையை உதறிவிட்டுச் சொன்னார்: "எனக்கு என்ன வேலை சார், வூட்டுல சும்மாதான் இருக்கேன்."

அவர் அதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று விடிவதற்கு முன்பே எழுந்து, இரண்டு மாட்டிலும் பால் கறந்து, சங்கத்தில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தவர் பெரியம்மா. அதற்குப் பிறகு சாணம் வாரி, வரப்பில் புல் அறுத்துச் சுமந்து வந்து, மீதமிருக்கும் அரை ஏக்கரில் கீரைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைந்திருந்தார். 'விவசாயம்' என்று பதிவான பெரியப்பாவோ முழங்கால் வலியால் வயலில் இறங்கி ஆறேழு வருடமாகியிருந்தது. வந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலை எழுதினார். கேள்வியை யார் தயாரித்தார்கள் என்பதுதான் என்னை உறுத்தியது. நான் பொருளியல் படித்தவள். அந்தக் கேள்விகளைத் தயாரிக்கும் துறை என்னுடைய துறை.

'சும்மா'வுக்கு ஒரு எண்

நம் நாட்டின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் எண் உண்டு. தேசிய மாதிரி ஆய்வில் குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உதவுபவருக்கு எண் 21. இவர் தொழிலாளராகக் கணக்கில் சேர்வார். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு எண் 92. வீட்டு வேலையோடு, காசு கொடுக்காமல் கிடைக்கும் கீரை, கிழங்கு, விறகு, மாட்டுத்தீவனம் சேகரிப்பவருக்கும், வீட்டுத் தேவைக்குத் தைப்பவர், நெய்பவருக்கும் எண் 93. இந்த 92, 93 இரண்டும் தொழிலாளர் கணக்குக்கு வெளியே நிற்பவை.

விதிப்படி பார்த்தால் பெரியம்மாவுக்கு 21 கிடைக்க வேண்டும். அவர் கறக்கும் பால் விற்பனைக்குப் போகிறது, விளைவிக்கும் கீரையும் விற்பனைக்குப் போகிறது. ஆனால் 'சும்மா' என்று அவர் சொன்ன சொல் அவரை 92க்குத் தள்ளிவிடும். வாசலில் கிடக்கும் புல்லுக்கட்டைக் கணக்கெடுப்பவர் கவனித்தால் 93 கிடைக்கலாம். மூன்று எண்களில் எது விழும் என்பது கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது, எவ்வளவு பொறுமையாகக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இதைப் பெண்ணியவாதிகள் நீண்ட காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1974இல் வெளிவந்த பெண்களின் நிலை குறித்த குழுவின் அறிக்கையும், எலா பட் தலைமையில் 1988இல் வந்த சிரம்சக்தி அறிக்கையும் பெண்களின் உழைப்பு கணக்கிலிருந்து நழுவுவதைப் பேசின. அந்த அழுத்தத்தின் பலனாக 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியில், பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. சில சொற்களைச் சேர்க்க அத்தனை ஆண்டுகள் பிடித்தன. 2019இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள் செலவழிக்கிறார்கள் என்று அது சொன்னது. மாட்டுக்கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவே எந்த நிமிடம் 'வீடு', எந்த நிமிடம் 'விவசாயம்' என்று பெரியம்மாவிடம் கேட்டால் சிரிப்பார்.

படப்பை என்ற சொல்லுக்கே பழந்தமிழில் வீட்டை ஒட்டிய தோட்டம், கொல்லை என்ற பொருள்கள் உண்டு. வீடும் நிலமும் பிரியாமல் கிடக்கும் இடம். பெண்களின் வேளாண்மை பெரும்பாலும் நடப்பது அங்கேதான். சர்வே எண்ணும் விளைச்சல் அளவும் தேடிப் போகும் ஆய்வாளர் அதைத் தாண்டித்தான் வயலுக்கு நடக்கிறார்.

அடிக்குறிப்பில் ஒரு பெண்

கணக்கில் சேராமல் போவது ஒரு சிக்கல். சேர்ந்த பிறகு நடப்பது இன்னொன்று.

முதுகலை படிக்கும்போது வேளாண் பொருளியல் ஆய்வேடுகளை வரிசையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். நெல் சாகுபடிச் செலவு, ஏக்கருக்கு எவ்வளவு ஆள்நாள், எவ்வளவு மாட்டுநாள் என்ற அட்டவணைகள். ஓர் அட்டவணையின் கீழே பொடி எழுத்தில் இருந்த குறிப்பு கண்ணில் பட்டது: ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலை 0.75 ஆள்நாளுக்குச் சமம். அடுத்த ஆய்வேட்டிலும் இருந்தது. வேறொன்றில் மூன்றில் இரண்டு. சிறுவர்களுக்கு அரை. ஆண் முழு ஆள், பெண் முக்கால் ஆள்.

1950களின் நடுப்பகுதியில் இந்திய அரசு பண்ணை மேலாண்மை ஆய்வுகளைத் தொடங்கியது. அன்றைய சென்னை மாநிலத்தில் கோவை, சேலம் மாவட்டங்களில் அவை நடந்தன. சிறு விவசாயி எப்படிப் பிழைக்கிறார், பெரிய பண்ணையைவிட ஏக்கருக்கு அதிகம் விளைவிக்கிறாரா என்பது போன்ற முக்கியமான விவாதங்கள் அந்த ஆய்வுகளிலிருந்து பிறந்தன. ஆண், பெண், சிறுவர் உழைப்பை ஒரே அலகுக்கு மாற்றிக் கூட்டும் வழக்கமும் இவ்வகை ஆய்வுகளோடு வேரூன்றியது. பிறகு அது பாடத்திட்டம் ஆனது, ஆய்வேடுகளின் பழக்கம் ஆனது. யாரும் மறுபடி யோசிக்காத அடிக்குறிப்பும் ஆனது.

முக்கால் என்பது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கூலியிலிருந்து. ஊரில் ஆணுக்கு நான்கு ரூபாய், பெண்ணுக்கு மூன்று ரூபாய் என்றால், பெண் முக்கால். பல வகை உழைப்பைக் கூட்ட வேண்டுமென்றால் ஏதோ ஒரு எடைக்கல் வேண்டும், சந்தைக் கூலியைவிட நல்ல எடைக்கல் எது என்று என் ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கூலியை எடைக்கல்லாக வைத்தால் நாம் அளப்பது செலவை. அந்த அட்டவணையின் தலைப்போ 'உழைப்பு' என்கிறது. பெண்ணுக்குக் குறைவாகக் கொடுப்பது ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை எடுத்து, பெண் குறைவாக உழைக்கிறாள் என்ற எண்ணாக மாற்றி, அந்த எண்ணை அறிவியலாகத் திருப்பிக் கொடுக்கிறோம். பிறகு யாராவது 'பெண்ணுக்கு ஏன் குறைந்த கூலி?' என்று கேட்டால், 'அவள் உழைப்பு முக்கால்தானே' என்று அதே அட்டவணையைக் காட்டலாம். வட்டம் முழுமையாகிவிடுகிறது.

நடவை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் பட்டமானாலும் நடவு பெண்கள் வேலை. ஓர் ஏக்கருக்குப் பத்துப் பெண்கள் நட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் அது ஏழரை ஆள்நாள். அந்த ஏழரை முழு ஆள்கள், அதாவது ஏழரை ஆண்கள், எங்கே இருக்கிறார்கள்? அந்த ஊரில் நாற்று நடத் தெரிந்த ஆண் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். இல்லாத ஒரு ஆணின் கையை அளவுகோலாக வைத்து, இருக்கிற பெண்ணின் கை அளக்கப்படுகிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இல் வந்தது. அடிக்குறிப்பு அதற்குப் பின்னும் ஆய்வேடுகளில் தொடர்ந்தது.

தலைவரிடம் கேட்ட கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பற்றிய பொருளியல் ஆய்வுக்கு நூறாண்டு கடந்த மரபு உண்டு. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊர்களைப் பற்றி எழுதி வரச் சொன்னார். அவை 1918இல் நூலாக வந்தன. எங்கள் படப்பையிலிருந்து வாலாஜாபாத் சாலையைப் பிடித்துக் காஞ்சிபுரம் போய், பாலாற்றைத் தாண்டினால் வரும் தூசி கிராமம் அவற்றுள் ஒன்று. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் ஆகியவையும் அதில் உண்டு.

அந்த ஊர்களுக்குப் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் தொகுத்த மறு ஆய்வு 1940இல் வந்தது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் உடன் ஆய்வாளர்களும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். ஒரே ஊரை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பார்த்த கண்கள் என்பது பெரிய செல்வம். நிலம் எப்படிக் கைமாறியது, பண்ணையாட்கள் முறை எப்படித் தளர்ந்தது, சாதியின் பிடி எங்கே விட்டது, எங்கே விடவில்லை என்பதையெல்லாம் இந்த மரபு இல்லாமல் நாம் அறிந்திருக்க முடியாது.

ஆனால் இந்த மரபின் தொடக்கத்தைக் கவனியுங்கள். 1916இல் கல்லூரிவரை படிக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போய், ஊரைப் பற்றி எழுதுகிறார்கள். அவர்கள் யாரிடம் கேட்டிருப்பார்கள்? கிராம ஆய்வின் அலகு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு தலைவர். நிலம், கடன், கால்நடை, வரவு, செலவு எல்லாம் அவர் வாயிலாகத்தான் வரும். குடும்பத்துக்குள் வருமானம் ஒரே பானையில் விழுகிறது, எல்லாருக்கும் ஒரே கரண்டியில் பரிமாறப்படுகிறது என்பது இந்த முறையின் சொல்லாத அனுமானம். சோற்றுப் பானையின் அடியில் எவ்வளவு மிஞ்சும், அதை யார் சாப்பிடுவார்கள் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டால் அது படிவத்தில் வராது.

சேற்றில் இறங்கிய ஆய்வு

இந்தப் பின்னணியில்தான் 1982 டிசம்பரில் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் வந்த ஒரு கட்டுரையை வாசிக்க வேண்டும். மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் பொருளியலாளர் கே. சாரதாமணியும் சேர்ந்து எழுதியது. தலைப்பைத் தமிழில் 'சேற்றுக் கால்கள், அழுக்குக் கைகள்: நெல் உற்பத்தியும் பெண் விவசாயக் கூலிகளும்' என்று சொல்லலாம். கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களின் நெல் விளையும் ஊர்களைப் பற்றியது.

இருவருமே இந்த வேலைக்குத் தயாராக வந்தவர்கள். மென்ச்சர் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் நீண்ட கள ஆய்வு செய்தவர். சாதி அமைப்பை மேலிருந்து பார்த்தால் தெரியும் ஒழுங்கும் கீழிருந்து பார்த்தால் தெரியும் சுரண்டலும் ஒன்றல்ல என்று 1974இல் எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியவர். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய சாரதாமணி கேரளப் புலையர்களின் அடிமை வரலாற்றை எழுதியவர். சாதியை விட்டுவிட்டுப் பெண் உழைப்பைப் பேச முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

அவர்கள் செய்த மாற்றம் கேட்பதற்கு எளியது. பெண்களிடமே கேட்டார்கள். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கூலி, அந்தக் கூலி எங்கே போனது. நெல் உற்பத்தியில் நடவு, களை, அறுவடை என்று பெரும் பங்கு பெண்களின் கையில் இருப்பதும், நிலமற்ற வீடுகளில் அவர்கள் கூலி 'துணை வருமானம்' இல்லை, அடுப்பு எரிவதே அதில்தான் என்பதும் பதிவாயின. இதே களத்திலிருந்து மென்ச்சர் 1988இல் எழுதிய மற்றொரு கட்டுரை பானைக்குள்ளும் எட்டிப் பார்த்தது. பெண்கள் சம்பாதிப்பதில் ஏறக்குறைய முழுவதையும் வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். ஆண்கள் தங்கள் கூலியில் ஒரு பகுதியைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் பெண்ணின் ஒரு ரூபாயும் ஆணின் ஒரு ரூபாயும் குழந்தையின் தட்டில் ஒரே அளவு சோறாவதில்லை. முக்கால் ஆள் என்ற கணக்கை இந்தக் கண்டுபிடிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பரிதாபமாக இருக்கிறது!

முதன்முறை இந்தக் கட்டுரையை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கூச்சம்தான் வந்தது. பெரியம்மா வீட்டில் இரண்டரை ஏக்கர் இருந்த காலம் நினைவுக்கு வந்தது. நடவுக்குக் காலனியிலிருந்து பெண்கள் வருவார்கள். அவர்களைக் கூட்டி வருபவர் பெரியம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் பெரியம்மா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். சாயங்காலம் கொல்லைப்பக்க வாசலில் கூலி கொடுக்கப்படும். ஏர் ஓட்டியவருக்கும் அண்டை வெட்டியவருக்கும் ஒரு கூலி, நட்ட பெண்களுக்கு அதைவிடக் குறைந்த கூலி. எண்ணிக் கொடுத்தது பெரியம்மாவின் கைதான். 'சும்மா இருக்கேன்' என்று சொல்லிக் கணக்கிலிருந்து மறைந்துபோன அதே பெண், இன்னொரு பெண்ணை முக்கால் ஆளாக எண்ணினார். பெண் உழைப்பு என்று ஒரே சொல்லில் இரண்டு பேரையும் அடக்கிவிட்டால், நாமும் ஆள்நாள் அட்டவணை செய்த தவற்றையே செய்கிறோம்.

இந்தக் கட்டுரைக்கும் எல்லை உண்டு. அது நெல்லைப் பின்தொடர்ந்தது. நெல் போன பிறகு அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்பதை அடுத்து வந்தவர்கள்தான் தேடியிருக்க வேண்டும். அறுவடை இயந்திரம் வந்தபோது அறுப்பு வேலை போனது. நெல்லாகக் கிடைத்த கூலி போனது. அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் உரிமையும் சேர்ந்து போனது. இயந்திரமயமாக்கல் பற்றிய ஆய்வுகளில் இது வழக்கமாக 'ஏக்கருக்கு இத்தனை ஆள்நாள் மிச்சம்' என்று ஆதாயப் பக்கத்தில் வரும். மிச்சமான ஆள்நாளும் முக்கால் முக்காலாகக் கூட்டப்பட்டதுதான்.

கீரைக்கட்டின் விலை

சந்தை பற்றிய ஆய்வுகளுக்கு வருவோம். விளைபொருளின் விலை விவசாயியிடமிருந்து நுகர்வோரிடம் போய்ச் சேரும்வரை எங்கெங்கே எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கிடுவது வேளாண் பொருளியலின் பிரியமான வேலை. நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் விவசாயியின் பங்கு எவ்வளவு, மொத்த வியாபாரியின் பங்கு எவ்வளவு, சில்லறை வியாபாரியின் பங்கு எவ்வளவு என்று முடிவு சொல்லும். 1996இல் கோயம்பேடு அங்காடி திறந்தபோதும், 1999இல் உழவர் சந்தைகள் தொடங்கியபோதும் பேச்சு இந்தக் கணக்கைச் சுற்றித்தான் இருந்தது. இடைத்தரகர் பங்கைக் குறைப்பது நல்ல நோக்கம்தான்.

ஆனால் தாம்பரத்தில் நடைபாதையில் சாக்கை விரித்துக் கீரை விற்கும் பெண்ணை இந்த அட்டவணையில் எங்கே வைப்பது? விடியற்காலை இருட்டில் கீரை பறித்து, மண் போக அலசி, வாழைநாரில் கட்டுக் கட்டி, முதல் பேருந்தில் மூட்டையோடு ஏறி வருகிறார். அரை ஏக்கர் அவருடையது என்றால் அவர் உற்பத்தியாளர். பக்கத்து வயலில் வாங்கி வந்திருந்தால் அவர் சில்லறை வியாபாரி, அதாவது இடைத்தரகர். பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் அந்தக் கூடையில் இருக்கும். அவருடைய உழைப்பு எல்லாம் 'சில்லறை வியாபாரியின் லாபம்' என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். அலசியதற்கும் கட்டியதற்கும் வாடிப்போனதற்கும் தனி வரி கிடையாது.

தமிழ்நாட்டு வேளாண் சந்தைகளை மிக ஆழமாக ஆராய்ந்தவர் பார்பரா ஹாரிஸ்-வைட். 1970களில் தொடங்கி வட ஆர்க்காடு வட்டாரத்து நெல், அரிசி வியாபாரத்தைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தவர். சந்தை என்பது விலை மட்டும் ஆளும் வெட்டவெளி கிடையாது, சாதியும் குடும்பமும் ஆண்-பெண் வேறுபாடும் அதைக் கட்டமைக்கின்றன என்பதை 2003இல் வந்த 'இந்தியா வொர்க்கிங்' நூல் விரிவாகச் சொல்கிறது. மண்டியும் அரிசி ஆலையும் குடும்ப நிறுவனங்கள். அப்பா, மகன், அண்ணன், தம்பி என்று ஆண் உறவுகளின் வழியாகத்தான் முதலும் கணக்கும் அதிகாரமும் நகர்கின்றன. 1996இல் வந்த அவருடைய முந்தைய நூலின் துணைத் தலைப்பு, 'கிராமப்புறத்தின் எசமானர்கள்'. மண்டியின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் யார், ஆலையின் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காய வைப்பவர் யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வீட்டில் நெல் குத்திக் கூலி பெற்ற பெண்களின் வேலை ஆலைகள் வந்தபோது போனது. அதற்குப் பதில் சிலருக்குக் கிடைத்தது அந்தக் களம்.

இரண்டு தேதிகளுக்கு நடுவே

இதெல்லாம் பழைய ஆய்வேட்டுச் சண்டை, இன்று படப்பையில் வயலே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஒரகடம் தொழிற்சாலைகள் வந்த பிறகு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இருபுறமும் வரப்புகள் இருந்த இடத்தில் மனைக்கற்கள் நிற்கின்றன. அதனாலேயே இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிறது. நிலம் பணமாகும் நாளில், யார் விவசாயி என்ற கேள்விக்குப் பட்டாவில் உள்ள பெயர்தான் பதில்.

அந்தப் பெயர் எப்படிப் பட்டாவுக்கு வருகிறது? பெரியம்மா 1984இல் கல்யாணமாகி வந்தவர். அவர் பிறந்த வீட்டிலும் நிலம் இருந்தது. மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. மத்திய அரசுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னால். ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகள்களுக்கு அது பொருந்தாது. 2005இன் மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் முடிந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும் அது தொடாது. மாமாக்கள் நிலத்தை மனைக்காரர்களுக்கு விற்றது 2003இல். இரண்டு தேதிகளுக்கு நடுவே பெரியம்மா விழுந்துவிட்டார். மாமாக்கள் ஆளுக்கொரு வீடு கட்டினார்கள். பெரியம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை வந்தது.

தேசிய அளவிலும் இதே படம்தான். கிராமப்புறத்தில் வேலை செய்யும் பெண்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விவசாயத்தில் இருக்கிறார்கள். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி பெண்கள் நடத்தும் பண்ணைகள் மொத்தத்தில் சுமார் 14 விழுக்காடுதான். 2019இல் தொடங்கிய பிஎம் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நில ஆவணத்தில் பெயர் உள்ள விவசாயிக்குப் போகும். குத்தகைக்குப் பயிரிடுபவருக்கும் கூலிக்கு நடுபவருக்கும் அதில் இடமில்லை. நிலம் இல்லாமல் நிலம் சார்ந்த உரிமைகள் எதுவும் பெண்ணுக்கு வராது என்று பீனா அகர்வால் 1994இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அந்த வாதத்துக்கு எங்கள் ஊர் இன்றும் சாட்சி.

நிலம் எடுப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. 2013இன் நில எடுப்புச் சட்டம், எடுக்கப்படும் நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிகளையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. அது முன்னேற்றம்தான். ஆனால் பெண்ணைத் தனிக் குடும்பமாக அது குறிப்பாகப் பெயரிடுவது எப்போது? விதவையாக இருந்தால், விவாகரத்து ஆகியிருந்தால், கைவிடப்பட்டிருந்தால். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்தில் பெண்கள் தெருவில் உட்காருவதை 2022 முதல் பார்க்கிறோம். அவர்கள் இழக்கப்போவதை மதிப்பிட யாரோ ஒரு பொருளியலாளர் படிவம் தயாரிப்பார். அந்தப் படிவம் யாரிடம் கேட்கும்?

நட்டவரின் கணக்கு

2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். பெரியம்மாவுக்கும் வருகிறது. தொகை சிறியது. ஆனால் அதன் பெயரில் 'உதவி' இல்லை, 'உரிமை' இருக்கிறது. வீட்டில் 'சும்மா' இருப்பவருக்கு எதற்கு உரிமை என்று தெருவில் யாரோ கேட்டதற்குப் பெரியம்மா மாட்டுக்கொட்டகையைக் கைகாட்டியதாகச் சொன்னார்கள். அந்தப் படிவக்காரர் இப்போது வந்தால் பதில் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பொருளியல் படிக்கும் தோழிகள் வேளாண் ஆய்வு ஒன்றைக் கையில் எடுத்தால் மூன்று விஷயங்களைத் தேடச் சொல்வேன். பதில் சொன்னவர் யார், அவர் யாருக்காகப் பதில் சொன்னார்? ஒரு நாள் வேலை எப்படி அளக்கப்பட்டது, யாருடைய நாள் முழு நாள்? முடிவில் பரிந்துரைக்கும் பணம் யார் கணக்கில் விழும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத ஆய்வு எவ்வளவு நுட்பமான சூத்திரம் போட்டிருந்தாலும் அரைகுறைதான். ஆய்வு செய்பவர் நாமாக இருந்தால், பெரியம்மாவிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. கொல்லைப்பக்க வாசலில் நின்றவரிடமும் கேட்க வேண்டும்.

நான் போன வருடம்தான் கேட்டேன். நடவுக்கு ஆள் கூட்டி வந்த அந்த அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். வயல் போன பிறகு சில ஆண்டுகள் ஒரகடம் பக்கம் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போனவர். இப்போது உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருக்கிறார். பேச்சுவாக்கில் அந்த அடிக்குறிப்பைச் சொன்னேன். பெண்ணின் ஒரு நாளை முக்கால் நாளாக எழுதுவார்கள், பத்துப் பேர் நட்டால் ஏழரைப் பேர் கணக்கு என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் கண்ணு, பத்து பேரும்தானே நட்டோம். மீதி ரெண்டரைப் பேரு நட்ட நெல்ல யாரு தின்னாங்க?"

என் துறையில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அடுத்த முறை ஓர் ஆய்வேட்டில் 'ஆள்நாள்' என்ற சொல்லைப் பார்த்தால், பக்கத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தையும் வாசித்துவிட்டு வாருங்கள்.